புடிச்சிருக்கீங்களா?

மகள் வீட்டுக்கு விமானத்தில் போகும்போது, பெல்ட் போடுவது எப்படி என்று பணிப்பெண் செய்து காட்டுவாள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் அவளைக் கவனிப்பேன். நடைமுறை என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி வரிவரை கேட்பது என் வியாதி. பக்கத்தில் என் மனைவி, "இவருக்கு எல்லாம் தெரியும்மா, இவரே ஏரோப்ளேன் ஓட்டினவருதான்" என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண் மரியாதையாகச் சிரிக்கும். எத்தனை வருடம் சார் என்று கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன். தனியாக நான் ஓட்டியது ஒரே ஒரு சுற்று. அதைச் சொல்ல ஆகும் நேரம் ஓட்டிய நேரத்தைவிட அதிகம்.

இப்போது நேரம் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நெய்வேலியில், நிர்வாக அலுவலகத்தில் எனக்கு வேலை. விடுப்பு, குவார்ட்டர்ஸ், இடமாற்றம் என்று மற்றவர்களின் வாழ்க்கை கோப்புகளாக என் மேஜைக்கு வரும். ஓரத்தில் ஒரு வரி எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளுவேன். விதிப் புத்தகத்தை நான் படித்த அளவுக்கு அதை எழுதியவர் படித்திருக்கமாட்டார். அந்த ஊரில் யாரைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "பெர்மனென்ட்டா?" என்பதுதான். நான் பெர்மனென்ட். அந்த வயதில் என்னிடம் இருந்த அழகு அது ஒன்றுதான்.

அதை நம்பித்தான் பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி எங்களைப் பெண் பார்க்க அழைத்தார். கூடம் முழுக்க வறுத்த பருப்பின் வாசனை. பெண் வந்தாள், காபி கொடுத்தாள், உள்ளே போனாள். அவளுடைய தாய்மாமன் என் பக்கம் குனிந்து, "என்னா மாப்ளே, பொண்ணு புடிச்சிருக்குங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பிடித்திருந்தது. நிறையவே பிடித்திருந்தது. ஆனால் ஒரு கூடமே வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று எந்த விதியிலும் இல்லை. முந்தின நாள்வரை கோப்புகளில் ஆங்கிலத்தில் எழுதிவந்ததை, இடத்துக்கு மரியாதையாகத் தமிழில் சொன்னேன்.

"ஆட்சேபணை இல்லை."

மாமா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, யாரோ முந்தானையால் அடைத்ததுபோல் பாதியில் நின்றது.

கல்யாணம் நடந்தது. சீர்வரிசையோடு அந்த வாக்கியமும் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது. குழம்பில் உப்பு சரியா என்று கேட்பாள். சரி என்பேன். "ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுங்க" என்பாள். சினிமாவுக்குப் போகலாமா என்று நான் கேட்டால், புடவையை மாற்றிக்கொண்டே, "ஆட்சேபணை இல்லைங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு அப்போது நேரம் இல்லை. நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன்.

நகரியத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில், பெரிய அதிகாரிகள் வந்து இறங்குவதற்காக ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். அதிகாரிகள் அபூர்வமாக வந்தார்கள். ஆடுகள் தினமும் வந்தன. அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பயிற்சிக் கழகம், ஒரு சின்ன விமானத்தையும் ஒரு பயிற்சியாளரையும் ஒரு மெக்கானிக்கையும் அனுப்பி, மழைக்காலம் தொடங்கும்வரை அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுத் தருவதாகச் சொன்னது. ஊழியர்களுக்குச் சலுகை உண்டு என்ற சுற்றறிக்கையை வரைந்தவன் நான்தான். என் உரைநடையில் நானே மயங்கி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

விமானத்தின் பெயர் புஷ்பக். சேத்தியாத்தோப்புக்காரரான மெக்கானிக் அதை "ராவணன் வண்டி" என்பார். குழாயால் கட்டிய கூடு, மேலே துணி, துணியின் மேல் வார்னிஷ். பக்கம் பக்கமாக இரண்டு பேர் உட்காரலாம். வீட்டில் இதை விளக்கியபோது மனைவி அரிசி களைவதை நிறுத்தினாள்.

"துணியா?"

"சாதாரணத் துணி இல்லை."

"ஸ்டேரிங்கு?"

"ஆளுக்கு ஒண்ணு. ஸ்டிக்னு பேரு. நான் தப்புப் பண்ணினா பக்கத்துல இருக்கறவர் பிடிச்சுக்குவார்."

கொஞ்சம் யோசித்தாள். "வூட்டுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வச்சா நல்லாருக்கும்" என்றாள்.

கிளம்புமுன் சோதிக்க வேண்டியவை, ஏறியபின் சோதிக்க வேண்டியவை, இறங்கியபின் அணைக்க வேண்டியவை என்று எல்லாவற்றையும் நான் சவரம் செய்யும்போது மனப்பாடம் செய்தேன். த்ராட்டில், மேக்னெட்டோ சுவிட்ச் என்று போய், கன்னத்தில் கத்தியோடு ஒரு கணம் தடுமாறுவேன். பெட்ரோல் குழாயின் திருகை நினைவூட்டிச் சமையலறையிலிருந்து குரல் வரும். "பெட்ரோல் காக்குங்க." ஒரே மாதத்தில் அவளுக்கும் முழுப் பாடமும் வந்துவிட்டது. பரீட்சை வைத்திருந்தால் அவள்தான் முதலில் தேறியிருப்பாள்.

பயிற்சியாளர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஏறக்குறைய என் வயது. என்னை "ஆபீசர்" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று கடைசிவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. மெக்கானிக் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுவார். "ஸ்விட்ச் ஆஃப்" என்று அவர் கத்த, நான் அதையே திருப்பிக் கத்த, கடைசியில் "காண்டாக்ட்" என்று இருவரும் சொன்னதும் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெறும். கேள்வியும் பதிலும் எழுதிவைத்தபடியே நடக்கும் அந்தச் சில விநாடிகள்தான் எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி. அதற்குப் பிறகு பறக்க வேண்டியிருந்தது.

பறப்பதும் பெரிய கஷ்டம் இல்லை. "மூக்கை இறக்குங்க ஆபீசர், வானம் எங்கயும் போயிராது" என்பார். இறக்குவேன். கீழே சுரங்கம், பெரிய வாணலியைக் கவிழ்க்காமல் வைத்ததுபோல் இருக்கும். அனல் மின்நிலையத்தின் புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்வோம். நகரியம் கோடு போட்ட தாள்போலத் தெரியும். ஒவ்வொரு பிளாக்கும் ஒரே மாதிரி, ஒவ்வொரு வீடும் ஒரே மாதிரி.

"நம்ம வூடு தெரிஞ்சுதா?" என்று மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நம்பர் மேலேர்ந்து தெரியாது."

"இம்மாம் படிச்சும் சொந்த வூடு தெரியலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தொல்லை இறங்குவதில்தான் இருந்தது. ஓடுபாதை நெருங்கி, தரை கிடுகிடுவென்று பெரிதாகும்போது, என் வாயிலிருந்து ஒரு கேள்வி தானாக வந்துவிடும். "சார், பிடிச்சிருக்கீங்களா?" பக்கத்து ஸ்டிக்கை அவர் பிடித்திருக்கிறாரா என்று தெரிந்தால் போதும், நான் பாட்டுக்கு இறக்கிவிடுவேன். அவர், "உம்" என்பார். வண்டி தரையைத் தொடும்.

ஒரு நாள் எஞ்சினை அணைத்ததும் அவர் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசர், ஒரு விஷயம். அந்தக் கேள்வியைக் கேக்காம ஒரு தடவை இறக்குங்க. அன்னைக்குத்தான் உங்களைத் தனியா அனுப்புவேன். இல்லைன்னா மழை வந்ததும் வண்டியை எடுத்துட்டு நாங்க போயிட்டே இருப்போம்."

"கேட்கக் கூடாதுன்னு புத்தகத்துல இல்லையே சார்."

"தனியாப் போகும்போது பதில் சொல்ல ஆள் இருக்காதுன்னும் புத்தகத்துல இல்ல."

அப்படியாக என் விமானி வாழ்க்கை ஒரு கேள்வியில் வந்து தொங்கியது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். உதட்டை மடித்துக்கொண்டு பார்த்தேன். முந்திரி மரங்களின் உச்சி சக்கரத்தின் கீழ் ஓடும் அந்த இடம் வந்ததும் கேள்வி வெளியே வந்து விழுந்துவிடும். கிழக்கே சாயங்காலங்களில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

இதே மாதங்களில் மாலை நேரம் நான் இன்னொரு வேலையும் பார்த்தேன். மனைவிக்கு சைக்கிள் கற்றுத் தந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு கடலூர் அம்மா பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தார். அவருடைய லேடீஸ் சைக்கிளைக் கடனாகக் கொடுத்ததும் அவர்தான், வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததும் அவர்தான்.

"வூட்டுக்காரர் ஆகாசத்துல, வூட்டுக்காரம்மா ரோட்டுல. அப்ப தரையில நிக்கறது யாருங்க சார்?" என்பார்.

"நீங்க நில்லுங்கக்கா, சைக்கிள் உங்களுதுதான" என்பாள் இவள், ஹாண்டில்பாரை விடாமல்.

கற்றுத் தருவதிலும் நான் பாடத்திட்டம் வைத்திருந்தேன். முதலில் மதகுக் கட்டையில் கால் வைத்து ஏறுவது, பிறகு பேலன்ஸ், பிறகு திருப்புவது. இறங்குவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதுவரை, நிறுத்த வேண்டும் என்றால் நான் கூடவே ஓடிப்போய் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். ஷிப்ட் போனபின் அகலமான ரோடு காலியாகக் கிடக்கும். அவள் மிதிப்பாள், நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

"ஏங்க, புடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"புடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். நேராப் பாரு."

இந்தக் கேள்வியை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் கையை விட்டுவிட்டு, வாயால் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழகாக ஓட்டிக்கொண்டு போனாள். நான் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "பிடிச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். குரல் வந்த தூரம் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். பிரேக்கை அழுத்தினாள். விழுந்தாள்.

ஓடிப்போனேன். முட்டி சிராய்ந்திருந்தது. புடவையைத் தட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க நின்னுகினு சொன்னீங்க?"

"அந்த மரத்துக்கிட்ட."

"அங்கேர்ந்து புடிக்க உங்க கை என்னா மைன்ஸ் மிஷினா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சைக்கிளின் மணியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிடுங்க. புடிச்சிருக்குன்னு பொய் சொல்லாதீங்க."

சைக்கிளில் ஆரம்பித்த பேச்சு முடியும்போது பண்ருட்டிக் கூடத்தில் நின்றது. அது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். விதிகளை எல்லாம் கரைத்துக் குடித்தவன், "டிங்க்சர் போடணும்" என்றேன். அவள் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதற்குப் பிறகு சில நாள் குழம்பில் உப்பு சரியா என்று அவள் கேட்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்ற சொல்லும் வீட்டில் காதில் விழவில்லை. அது இல்லாமல் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு விமானத்தில் ஏறும்போது நான் பயிற்சியாளரிடம் விறைப்பாகச் சொன்னேன். "சார், நீங்க ஸ்டிக்கை விட்டா விட்டேன்னு சொல்லிடுங்க. சும்மா 'உம்' போடாதீங்க. கைமாத்தும்போது வாய்விட்டுச் சொல்லணும்னு முறை இருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முறைப்படி சொல்லியாச்சே ஆபீசர். ஆடி மாசத்துல ஒரு நாள், உங்க கையில கொடுக்கேன்னு சொன்னேன். திரும்ப வாங்கிக்கிடுதேன்னு எப்பவாவது சொன்னேனா?"

நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே இல்லை.

"அன்னையில இருந்து கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். நீங்க கேப்பீங்க. நான் கொட்டாவி விடுவேன். அது உங்க காதுல 'உம்'முன்னு விழுது."

இத்தனை வாரமாக விமானத்தை இறக்கியது நான்தான். கையெழுத்தும் என்னுடையது, கோப்பும் என்னுடையது, மேலதிகாரி ஒப்புதல் தந்துவிட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முந்திரி மரங்கள் கீழே ஓடும் இடம் வந்தது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று முடிவு செய்ததால் அல்ல. ரோட்டில் உட்கார்ந்திருந்தவளின் முகம் நினைவில் வந்து வாயை அடைத்துவிட்டது. விமானம் இரண்டு துள்ளல் துள்ளி ஓடி நின்றது. "மழை வராம இருந்தா அடுத்த வாரம்" என்றார் அவர்.

வீட்டில் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நானும் வந்து பார்க்கட்டுங்களா?"

"வெளியாட்கள் ஓடுபாதைக்கு வரணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். இப்ப நேரம் இல்லை."

"சரிங்க" என்றாள்.

அந்த ஞாயிறு காலை மேகமாக இருந்தாலும் மழை இல்லை. காற்று மெதுவாகக் கிழக்கிலிருந்து வந்தது. பயிற்சியாளரின் ஜீப்பில் போய் இறங்கினேன். அவரோடு ஒரு சுற்று போய் வந்தோம். அவர் கதவைத் திறந்து கீழே குதித்து, தன் பக்கத்து பெல்ட்டை வெறும் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்.

"ஒரே ஒரு சுத்து. ஆள் குறையுதுல்லா, வண்டி விருட்டுன்னு ஏறும், இறங்க மனசு வராம மிதக்கும். பயப்படாதீங்க. பிடிச்சிருக்கீங்களான்னு கேட்டா கீழ இருந்து எனக்குக் கேக்காது."

மெக்கானிக், "போயிட்டு வாங்க சார், ராவணன் வண்டி ஆளை ஏமாத்தாது" என்று கையை ஆட்டினார்.

விமானம் பயிற்சியாளர் சொன்னபடியே விருட்டென்று ஏறியது. வலப்பக்க இருக்கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் பார்த்தேன். கட்டிய பெல்ட், அதற்குள் யாரும் இல்லை. எஞ்சின் அதே எஞ்சின்தான். ஆனாலும் சத்தம் வேறாக இருந்தது. நான் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, இடது பக்கம் திருப்பி, ஓடுபாதைக்கு இணையாக வந்தேன். பழக்கத்தில் நகரியத்தைப் பார்த்தேன். பழக்கம்போல என் வீடு தெரியவில்லை.

பிறகு கீழே பார்த்தேன். ஓடுபாதையின் ஓரத்தில், தகரக் கொட்டகைக்கு முன்னால் இருந்த பொட்டலில், பச்சையாக ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் காக்கி நிறத்தில் ஒன்று கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பயிற்சியாளரின் வெள்ளைச் சட்டை இடுப்பில் கைவைத்து நின்றது.

அந்த உயரத்திலிருந்து முகம் தெரியாது. ஆனால் வளைவில் இடது பக்கமாக அவ்வளவு சாய்ந்து, விழப்போகிறாள் என்று நினைக்கும்போது நிமிர்கிற சைக்கிள் அந்த நகரியத்தில் ஒன்றுதான் இருந்தது. சொந்த வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் அந்த ஆட்டத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். நர்ஸம்மா கோயிலுக்குப் போய்வந்ததும் சைக்கிளை வாங்கிக்கொண்டு, அனுமதி எதுவும் இல்லாமல், அத்தனை தூரம் தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இறங்கும் பாடம் இன்னும் நடத்தப்படவில்லை. பிரேக்கைத் தொட்டால் விழுவோம் என்ற நம்பிக்கை வேறு முட்டியில் தழும்பாக இருந்தது. ஆகவே சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே நான், கீழே அவள், இருவருமே இடது பக்கமாக.

அவளை நிறுத்தத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் ஆகாயத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பது குறைவு. த்ராட்டிலைக் குறைத்தேன், திரும்பினேன், மறுபடி திரும்பினேன், முந்திரி மரங்கள் கீழே வந்தன. கேள்வி தொண்டைவரைகூட வரவில்லை. அவள் கால் ஓயுமுன் கீழே போய்விட வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு எண்ணமே இல்லை. விமானம் இறங்க மனமில்லாமல் மிதந்தது. அப்புறம் போதும் என்று நினைத்ததுபோல் மூன்று சக்கரத்தையும் சேர்த்து வைத்து உட்கார்ந்தது. துள்ளவே இல்லை. அந்த மாதிரி பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தபோது ஒருநாளும் இறக்கியதில்லை.

கொட்டகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சுவிட்சை அணைத்தேன். புரொப்பெல்லர் நின்றதும் குதித்தேன்.

"கிட்ட வராதீங்கன்னா, வுழுந்துடுவேன்" என்று அவள் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வரலைம்மா, சும்மா கூட வந்துகினு இருக்கேன்" என்றார் அவர், இரைக்க இரைக்க.

நான் குறுக்கே ஓடி, அவள் என்னைக் கடக்கும்போது பின்னாலேயே போய்க் கேரியரைப் பற்றினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரோடே இல்லாத பொட்டலிலும் கண் நேராக இருந்தது.

"யாரு? நீங்களா?"

"நான்தான்."

"புடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கு" என்றேன்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. பயிற்சியாளருக்கும் மெக்கானிக்குக்கும் அது ஏதோ வாய் குளறல். சைக்கிள் நின்றது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இதை எங்கப்பா வூட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள். பிறகு விமானத்தைப் பார்த்தாள். "பெட்ரோல் காக்கை மூடினீங்களா?"

மூடவில்லை. வாழ்க்கையில் நான் பாதியில் விட்ட நடைமுறை அது ஒன்றுதான். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அதை மூடப் போனார். தூரத்தில் கிழக்கு வானம் கறுத்து முதல் தூறல் விழுந்தது. அந்த மழையோடு கழகத்துக்காரர்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், அடுத்த வருடம் வரவில்லை. நான் இன்றுவரை மாணவ விமானிதான்.

ஆனால் அது பிறகு. அப்போது பயிற்சியாளர் எங்களை நோக்கிக் குரல் கொடுத்தார். "என்ன ஆபீசர், வண்டியை உள்ள தள்ளிரலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள்.

"ஆட்சேபணை இல்லைங்க."